ஒப்பனை முடியுமுன் திரை விலகினால்...

சென்ற கல்வியாண்டில் எங்கள் பள்ளியில் 12ஆம் வகுப்பு மாணவர்களின் பெற்றோருக்காக உயர்கல்வி வழிகாட்டல் கூட்டம் ஒன்றை நடத்தினோம். எந்தப் படிப்புக்கு எப்போது விண்ணப்பிப்பது, எந்தச் சான்றிதழ்களை முன்கூட்டியே வாங்கி வைப்பது என்பவற்றைச் சொல்வதற்கான கூட்டம் அது. அழைப்பிதழ் அச்சிடுவதற்குப் பதிலாக, கணினிப் பயன்பாடுகள் படிக்கும் 11ஆம் வகுப்பு மாணவர்களே ஓர் இணையப் பக்கம் தயாரித்தார்கள். மேலே பள்ளியின் படம், நடுவில் கூட்டத்தின் நாளும் நேரமும், கீழே "வருவேன்", "வர இயலாது" என்று இரண்டு பொத்தான்கள். இணைப்பை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினோம். வருவதாகச் சொன்னவர்களுக்கு முதல் நாள் மாலை தொலைபேசியில் நினைவூட்டினோம்.

கூட்டம் முடிந்த மறுநாள் நொச்சிக்குப்பத்திலிருந்து ஒரு தாய் வந்தார். லூப் சாலை மீன் அங்காடியில் கடை வைத்திருப்பவர். மகள் எங்களிடம் படிக்கிறாள். "வரேன்னுதானே டீச்சர் அமுக்குனேன்? எல்லாருக்கும் போன் பண்ணீங்களாம், எனக்கு மட்டும் ஏன் பண்ணல?" என்று கேட்டார். பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அவர் பெயருக்கு நேரே "வர இயலாது" என்றிருந்தது.

விரல் தவறிப் பட்டிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். "ஒன்றும் ஆகவில்லைம்மா, உட்காருங்கள்" என்று சொல்லி, கூட்டத்தில் பேசியதையெல்லாம் ஒரு மணி நேரம் விளக்கினேன். கிளம்பும்போது, "அந்தப் பக்கத்தை உங்கள் போனில் ஒருமுறை திறந்து காட்டுங்கள்" என்றேன். அவருடைய கைபேசியில் அன்றைய டேட்டா அளவு தீர்ந்திருந்தது. உலாவியில் சேமிப்பாகியிருந்த பழைய கோப்புகளை நீக்கிவிட்டு இணைப்பைத் தொட்டோம்.

முதலில் வண்ணமோ கட்டமோ இல்லாத வெறும் எழுத்துகள் வந்தன. அவற்றுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் இரண்டு சிறிய பொத்தான்கள். இடப்பக்கம் "வருவேன்", அதையடுத்து "வர இயலாது". பக்கம் அவ்வளவுதான் போலும் என்று நினைக்கும் அளவுக்கு அப்படியே நின்றது. பிறகு திடீரென்று எல்லாம் மாறியது. எழுத்துகள் பெரிதாகின, நீலப் பட்டை வந்தது, பொத்தான்கள் அகன்றன. சற்று முன் "வருவேன்" இருந்த இடத்தில் இப்போது "வர இயலாது" வந்து உட்கார்ந்துவிட்டது.

அவர் சரியாகத்தான் அழுத்தியிருக்கிறார். அழுத்துவதற்குள் பொத்தான் நகர்ந்துவிட்டது. தவறு எங்களுடையது, குறிப்பாக, அந்தப் பக்கத்தைச் சரிபார்த்து அனுப்பிய என்னுடையது.

இந்தக் கோளாறு ஏன் வருகிறது, எப்படித் தடுப்பது, வகுப்பில் எப்படிக் கற்பிப்பது என்பதைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. இதில் வரும் தொழில்நுட்பச் சொற்களைப் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். நிரலில் அவற்றை வழக்கம்போல் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும்.

உலாவி திரையை எப்போது விலக்குகிறது?

ஆண்டுவிழா நாடகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேடையில் பிள்ளைகள் வந்து நின்றாயிற்று. ஒப்பனைப் பெட்டி இன்னும் வந்து சேரவில்லை. இந்த நேரத்தில் திரையை விலக்கினால், ராஜாவும் மந்திரியும் பள்ளிச் சீருடையில் நிற்பதைப் பார்வையாளர்கள் பார்ப்பார்கள். இணையப் பக்கத்திலும் இதுவே நடக்கிறது.

ஓர் இணையப் பக்கம் ஒரே கோப்பாக வருவதில்லை. ஹெச்டிஎம்எல் கோப்பில் உள்ளடக்கம் இருக்கிறது. நிறம், அளவு, இடம் ஆகியவற்றைச் சொல்லும் பாணித்தாள், அதாவது சிஎஸ்எஸ், தனிக் கோப்பாக வருகிறது. எழுத்துரு, படம், ஜாவாஸ்கிரிப்ட் ஒவ்வொன்றும் தனித்தனியே வருகின்றன. உள்ளடக்கத்தையும் பாணியையும் இப்படிப் பிரித்து வைப்பது நல்ல ஏற்பாடு. ஒரே பாணித்தாளை நூறு பக்கங்களுக்குப் பயன்படுத்தலாம். சிஎஸ்எஸ் முதல் பதிப்பு 1996 டிசம்பரில் தரநிலையாக வெளிவந்ததன் நோக்கமும் இதுவே. ஆனால் தனித்தனியே வருபவை முன்பின்னாக வந்து சேரலாம்.

உலாவி ஹெச்டிஎம்எல்லை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. 'ஹெட்' பகுதியில் 'லிங்க்' ஒட்டு மூலம் ஒரு பாணித்தாள் குறிப்பிடப்பட்டிருந்தால், அது வந்து சேரும்வரை எதையும் திரையில் வரையாமல் காத்திருக்கிறது. நாடகத்தில் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் செய்யும் வேலை இது. பாணித்தாள் வந்ததும் இரண்டையும் இணைத்து, எது எங்கே எந்த அளவில் என்று கணக்கிட்டு, வரைகிறது.

ஒரு பாணித்தாள் இனிமேல்தான் வரப்போகிறது என்பது உலாவிக்குத் தெரியாவிட்டால் அது காத்திருக்காது. கையில் இருப்பதை வரைந்துவிடும். பிறகு பாணி வந்ததும் எல்லாவற்றையும் மாற்றி வரையும். இடையில் கண்ணில் படும் அந்த வெறும் பக்கத்தை ஆங்கிலத்தில் 'ஃப்ளாஷ் ஆஃப் அன்ஸ்டைல்டு கன்டென்ட்' என்பார்கள். பாணி ஏறாத உள்ளடக்கம் மின்னி மறைவது என்று பொருள். வேகமான இணைப்பில் அது கண் சிமிட்டும் நேரம்தான். மெதுவான இணைப்பில் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எங்கள் பக்கத்தின் கணக்கு

நம் ஊரில் பல முன்கட்டணத் திட்டங்களில் அன்றைய டேட்டா அளவு தீர்ந்ததும் வேகம் விநாடிக்கு 64 கிலோபிட்டாகக் குறைந்துவிடும். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே விநாடிக்கு 8 கிலோபைட். இந்த வகுத்தல் கணக்கை 7ஆம் வகுப்பு மாணவரும் போடலாம்.

எங்கள் பக்கத்தில் இருந்தவை: ஹெச்டிஎம்எல் 6 கிலோபைட், ஜாவாஸ்கிரிப்ட் 90, பாணித்தாள் 40, இரண்டு தமிழ் எழுத்துருக் கோப்புகள் தலா 100, பள்ளியின் படம் 400.

மாணவர்கள் பாணித்தாளை ஹெட் பகுதியில் வைக்கவில்லை. பக்கத்தின் அடியில் இருந்த ஜாவாஸ்கிரிப்ட் வந்து, அதுதான் பாணித்தாளை வரவழைத்தது. ஓர் இணையதளத்தில் பார்த்த ஆயத்த நிரலை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். ஆகவே உள்ளடக்கம் ஒரு விநாடிக்குள் வந்து திரையில் ஏறிவிட்டது. ஜாவாஸ்கிரிப்ட் வர 11 விநாடிக்கு மேல். அதன் பிறகே பாணித்தாள் கிளம்பும். அதற்கு 5 விநாடி. ஆக 16 விநாடிக்கு மேல் அந்தத் தாயின் முன் இருந்தது வெறும் பக்கம். படமும் எழுத்துருவும் அதே இணைப்பில் போட்டியிட்டிருந்தால் இன்னும் அதிகம். பொத்தானைத் தேடி அழுத்த அது போதுமான நேரம்.

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் இது ஏன் தெரியவில்லை? கோப்புகளெல்லாம் அந்தக் கணினியிலேயே இருந்தன. கிளம்பும் நேரமும் வந்து சேரும் நேரமும் ஒன்றே. மாணவர்கள் பத்து முறை திறந்து பார்த்தார்கள், நானும் பார்த்தேன். பத்து முறையும் அழகாகவே இருந்தது.

முதலில் நாங்கள் செய்த தவறான திருத்தம்

காரணத்தை மாணவர்களிடம் விளக்கியதும் ஒரு மாணவன், "அப்படின்னா எல்லாம் வர்ற வரைக்கும் பக்கத்தை மறைச்சு வச்சிடலாம், மிஸ்" என்றான். உள்ளடக்கம் முழுவதையும் மறைத்து வைத்து, எல்லாக் கோப்புகளும் வந்ததும் ஜாவாஸ்கிரிப்ட் மூலம் காட்டுவது. அன்றே செய்தார்கள். வெறும் பக்கம் மறைந்துவிட்டது. எனக்கும் அது சரியென்றே பட்டது.

பிறகு அதே 64 கிலோபிட் கணக்கைப் போட்டோம். ஹெச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், பாணித்தாள், படம் எல்லாம் சேர்ந்து 536 கிலோபைட். எட்டால் வகுத்தால் 67 விநாடி. ஒரு நிமிடத்துக்கும் மேலாக வெள்ளைத் திரை. நடுவில் இணைப்பு அறுந்து ஜாவாஸ்கிரிப்ட் வராமல் போனால் வெள்ளைத் திரை மாறவே மாறாது. ஆறு கிலோபைட் அளவுள்ள கூட்டச் செய்தி முதல் விநாடியிலேயே கைபேசிக்குள் வந்து கிடக்கும். நாமே அதை மூடி வைத்திருப்போம்.

ஒப்பனை இல்லாத நாடகத்தையாவது பார்க்கலாம், திரையே விலகாத நாடகத்தை என்ன செய்வது? உள்ளடக்கத்தை மறைப்பது இந்தக் கோளாறுக்குத் தீர்வாகாது. பாணியை உள்ளடக்கத்தோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். அதையும் மீறிப் பாணி வராமல் போனால், உள்ளடக்கம் தானே நின்று பொருள் தர வேண்டும். எங்கள் திருத்தங்கள் எல்லாம் இந்த இரண்டு வரிகளிலிருந்து வந்தவைதான்.

சரியான திருத்தங்கள்

1. பாணித்தாளை ஹெட் பகுதியில், லிங்க் ஒட்டு மூலம் நேரடியாகக் குறிப்பிடுக. ஜாவாஸ்கிரிப்ட் மூலம் வரவழைக்க வேண்டாம். ஒரு பாணித்தாளுக்குள்ளிருந்து இன்னொன்றை 'இம்போர்ட்' என்று அழைப்பதையும் தவிர்க்கலாம். முதல் தாள் வந்த பிறகே இரண்டாவது தாள் வேண்டுமென்று உலாவிக்குத் தெரியும் என்பதால் காத்திருப்பு கூடும்.

2. பாணி சிறியதென்றால் ஹெச்டிஎம்எல்லுக்குள்ளேயே, ஹெட் பகுதியில் 'ஸ்டைல்' ஒட்டுக்குள் எழுதிவிடுக. எங்கள் 40 கிலோபைட் தாளில் உண்மையில் பயன்பட்டது 3 கிலோபைட் மட்டுமே. அதை உள்ளே எழுதியதும் உள்ளடக்கமும் ஒப்பனையும் ஒரே கோப்பாக வந்தன. மொத்தம் 9 கிலோபைட், ஒரு விநாடிக்குச் சற்று மேல். சேவையகம் பொதுவாக முதல் சுற்றில், பதிலுக்குக் காத்திராமல், ஏறக்குறைய 14 கிலோபைட் வரை அனுப்பிவிடும். முக்கியமானதை அதற்குள் அடக்குவது நல்லது. பெரிய தளமென்றால், முதல் திரையில் தெரியும் பகுதிக்கு வேண்டிய பாணியை மட்டும் உள்ளே வைத்து, மற்றதைத் தனித்தாளாக விடலாம்.

3. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு 'டிஃபர்' என்ற பண்பைச் சேர்க்கவும். ஹெச்டிஎம்எல் முழுவதையும் படித்து முடித்த பிறகே அது இயங்கும், பக்கத்தை வழிமறிக்காது. அதைவிட நல்லது, அது தேவைதானா என்று கேட்பது. இரண்டு பொத்தான் உள்ள ஒரு படிவத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட் தேவையே இல்லை. நாங்கள் நீக்கிவிட்டோம்.

4. படத்துக்கு அகலம், உயரம் இரண்டையும் ஹெச்டிஎம்எல்லில் எழுதுக. எழுதினால், படம் வருமுன்பே உலாவி அதற்கான இடத்தை ஒதுக்கி வைக்கும். எழுதாவிட்டால், படம் வந்ததும் கீழே இருப்பதையெல்லாம் தள்ளிவிடும். பாணி சரியாக வந்த பக்கத்திலும் பொத்தான் நகர்வதற்கு இது ஒரு பெரிய காரணம். 400 கிலோபைட் படத்தைச் சுருக்கி 30 ஆக்கினோம். கைபேசியில் யாருக்கும் வேறுபாடு தெரியவில்லை.

5. எழுத்தின் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று சொல்லும் 'மெட்டா' வரியை ஹெட் பகுதியின் முதல் வரியாக வைக்கவும். அது கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் வர வேண்டும் என்பது விதி. தமிழ்ப் பக்கத்துக்கு இது மிக அவசியம். இல்லையென்றால் உலாவி ஊகித்து, தமிழைப் பொருளற்ற குறிகளாகக் காட்டக்கூடும்.

6. நிரலில் உள்ள வரிசையும் திரையில் தெரியும் வரிசையும் ஒன்றாக இருக்கட்டும். எங்கள் நிரலில் "வருவேன்" முதலில் இருந்தது. பச்சைப் பொத்தான் வலப்பக்கம் இருந்தால் அழகு என்று மாணவர்கள் பாணித்தாளில் வரிசையை மாற்றியிருந்தார்கள். பாணி தாமதமானபோது அந்த அழகே தவறான பதிலை வாங்கித் தந்தது. இப்போது இரண்டு பொத்தான்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக, போதிய இடைவெளியுடன் இருக்கின்றன. அழுத்தியதும், "நீங்கள் கூட்டத்துக்கு வருவதாகப் பதிவாகியுள்ளது, மாற்ற விரும்பினால் இங்கே தொடுக" என்று ஒரு பதில் பக்கமும் வருகிறது.

தமிழ் எழுத்துருவும் நம் தலைமுறையும்

எழுத்துருவைத் தனியாகப் பேச வேண்டும். நாற்பது வயதைக் கடந்த ஆசிரியர்கள் பலர் இந்தக் கோளாறின் மூத்த வடிவத்தைப் பார்த்தவர்கள்தாம். நான் பி.எட். படித்த காலத்தில் பிரவுசிங் சென்டரில் ஒரு தமிழ்த் தளத்தைத் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வரிசையாக நிற்கும். "எழுத்துருவைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரு பொத்தான் இருக்கும். ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு, ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியாக்கம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி, தாம், தாப் என்னும் குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தரப்படுத்தப்பட்டதன் பின்னணி இதுதான்.

1997இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 உலாவியில் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் வசதி வந்தது. தமிழில் இதை இயங்கு எழுத்துரு என்றார்கள். அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி யூனிகோடு தமிழுக்காக உருவாக்கிய 'தேனீ' இயங்கு எழுத்துருவைப் பல வலைப்பதிவர்கள் பயன்படுத்தினார்கள். அவர் 2006இல் மறைந்தார். விண்டோஸ் 98 கணினிகளில் யூனிகோடு தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்த காலம் அது. பக்கம் முதலில் கட்டங்களாக வரும். எழுத்துரு இறங்கியதும் கட்டங்கள் தமிழாக மாறும். பாணி ஏறாத மின்னல்தான் அதுவும். ஆனால் தமிழைத் திரையில் பார்ப்பதே பெரிதாக இருந்ததால் யாரும் குறையாகச் சொல்லவில்லை.

இன்று நிலைமை தலைகீழ். யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனிப்பகுதி இருக்கிறது. கைபேசியிலும் கணினியிலும் தமிழ் எழுத்துரு முன்பே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ சான்ஸ் தமிழ், விண்டோஸில் நிர்மலா யுஐ, ஆப்பிள் கருவிகளில் மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் வடிவமைத்த தமிழ் சங்கம் எம்என். அப்படியிருந்தும், அழகுக்காக இன்னோர் எழுத்துருவை இணையத்திலிருந்து வரவழைக்கிறோம். அது வரும்வரை பல உலாவிகள் எழுத்தை 3 விநாடி வரை காட்டாமல் மறைத்து வைக்கின்றன. பிறகு கையில் உள்ள எழுத்துருவில் காட்டி, புதியது வந்ததும் மாற்றுகின்றன. தமிழ் எழுத்துகளின் அகலம் எழுத்துருவுக்கு எழுத்துரு நிறையவே மாறும். நான்கு வரிப் பத்தி ஐந்து வரியாகிவிடும். வாய்விட்டுப் படித்துக்கொண்டிருக்கும் 3ஆம் வகுப்புக் குழந்தை விரல் வைத்திருந்த வரியைத் தொலைத்துவிடும்.

இதைக் கட்டுப்படுத்த 'ஃபான்ட்-டிஸ்ப்ளே' என்ற பண்பு உள்ளது. 'ஸ்வாப்' என்று கொடுத்தால், கையில் உள்ள எழுத்துருவில் உடனே காட்டி, புதியது எப்போது வந்தாலும் மாற்றும். 'ஃபால்பேக்' என்றால் ஏறக்குறைய 3 விநாடிக்குள் வந்தால் மட்டும் மாற்றும். 'ஆப்ஷனல்' என்றால் கிட்டத்தட்ட உடனே வந்தால் மட்டுமே பயன்படுத்தும். தாமதமானால் இம்முறை அப்படியே விட்டுவிடும். 'பிளாக்' என்றால் சில விநாடி எழுத்தை மறைத்து வைக்கும்.

எங்கள் அனுபவத்தில் தோன்றுவது இது: அறிவிப்பு, படிவம், வினாத்தாள் போன்ற பக்கங்களுக்கு இணைய எழுத்துருவே வேண்டாம். கருவியில் உள்ள தமிழ் போதும். கதைப் பக்கம், பள்ளி மலர் போன்றவற்றுக்கு விரும்பினால் ஒரே ஓர் எழுத்துரு, ஒரே தடிமன், வோஃப்2 வடிவில், 'ஆப்ஷனல்' அமைப்புடன் வைக்கலாம். 'யூனிகோட்-ரேஞ்ச்' மூலம் அது தமிழ்ப் பகுதிக்கு மட்டும் என்று குறித்துவிட்டால், தமிழ் இல்லாத பக்கங்களில் அந்தக் கோப்பு இறங்காது.

வகுப்பறையில்

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்கு: 11ஆம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியே கற்பித்துவிடுகிறோம். அவை திரையில் எந்த வரிசையில் வந்து சேர்கின்றன என்பதைக் காட்ட ஒரு பாடவேளை ஒதுக்கலாம். மாணவர்களின் பக்கத்தை ஓர் இணைய முகவரியில் ஏற்றி, குரோம் உலாவியில் திறந்து, எஃப்12 விசையை அழுத்துங்கள். 'நெட்வொர்க்' பகுதியில் சேமிப்பை முடக்கும் பெட்டியில் குறியிட்டு, வேகத்தை 3ஜி என்று தேர்ந்தெடுத்துப் பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். எது முன்னே வருகிறது, எது பின்னே வருகிறது என்று கோடுகளாகத் தெரியும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில், பாணித்தாள் வருமுன்பே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தின் அளவுகளைக் கேட்டுவிட்டால், இந்த மின்னல் நேரலாம் என்று எச்சரிக்கை வரி ஒன்றே வரும்.

பிறகு மூன்று கேள்விகள். முதல் 5 விநாடியில் திரையில் என்ன இருந்தது? ஏதாவது இடம் மாறியதா? பாணித்தாளின் பெயரை வேண்டுமென்றே தவறாக எழுதி, அது வராதபடி செய்தால், பக்கம் இன்னும் பொருள் தருகிறதா? செய்முறைத் திட்டங்களுக்கு மதிப்பெண் இடும்போது நிறத்தையும் அசைவையும் பார்ப்பதோடு இந்த மூன்றையும் பார்த்தால், மாணவர்கள் வேறுவிதமாக யோசிக்கத் தொடங்குகிறார்கள் என்பதை நான் கண்டேன்.

தொடக்க வகுப்புகளுக்கு: கணினியே இல்லாமல் விளையாடலாம். ஒரு குழந்தை உள்ளடக்கம், ஒரு குழந்தை பாணி, ஒரு குழந்தை எழுத்துரு, ஒரு குழந்தை படம். இன்னொரு குழந்தை உலாவி. ஒரு துப்பட்டாவைத் திரையாகப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொருவருக்கும் எத்தனை கைத்தட்டல் கழித்து வர வேண்டும் என்று ஒரு சீட்டு. முதல் ஆட்டத்தில் உள்ளடக்கம் வந்ததும் திரை விலகட்டும். இரண்டாவதில் எல்லோரும் வரும்வரை விலகவே கூடாது. மூன்றாவதில் உள்ளடக்கமும் பாணியும் கைகோத்து ஒன்றாக வரட்டும். படத்துக்கு மேடையில் சாக்பீஸால் முன்கூட்டியே இடம் வரைந்து வையுங்கள். எந்த ஆட்டம் பிடித்தது, ஏன் என்று கேளுங்கள். இரண்டாவது ஆட்டத்தில் பிள்ளைகள் "எப்ப மிஸ் தொறப்பீங்க?" என்று கத்துவார்கள். பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

விளையாட்டின் முடிவில் ஒரு பழக்கத்தையும் சொல்லித்தரலாம்: பக்கம் அசையாமல் நிற்கும்வரை விரலைக் கீழே வைக்காதே, அழுத்திய பிறகு என்ன பதிவானது என்று படித்துப் பார். பணம் அனுப்பும் செயலியில் தொடங்கி இணையவழித் தேர்வு வரை இது உதவும். ஆனால் இதைக் குழந்தைகளுக்கு மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடக் கூடாது. பக்கத்தை நகராமல் வைத்திருப்பது தயாரிப்பவரின் கடமை.

நிரல் எழுதாத ஆசிரியர்கள் இலவச வலைப்பூவிலோ ஆயத்தத் தளத்திலோ பக்கம் வைத்திருந்தால்கூட சிலவற்றைச் செய்யலாம். படங்களைச் சுருக்கி ஏற்றுங்கள். அலங்காரச் செருகுநிரல்களைக் குறையுங்கள். கூடுதல் எழுத்துருக்களைத் தவிருங்கள். அனுப்புமுன், டேட்டா தீர்ந்த ஒரு கைபேசியில் ஒருமுறை திறந்து பாருங்கள். ஆசிரியர் அறையில் அப்படி ஒரு கைபேசி எப்போதும் இருக்கும்.

முடிவாக

எங்கள் புதிய பக்கத்தில் பட்டையும் நிழலும் அசைவும் இல்லை. மாணவர்களுக்கு முதலில் அதில் வருத்தம்தான். "பழையதுதான் மிஸ் அழகா இருந்துச்சு" என்றாள் ஒருத்தி. இரண்டையும் மெதுவான வேகத்தில் அடுத்தடுத்துத் திறந்து காட்டினேன். புதிய பக்கம் வந்து நின்று, நான் அதை முழுவதும் வாசித்து முடித்தபோதும் பழைய பக்கம் வந்து சேரவில்லை. அதன் பிறகு அவளே அடுத்த அறிவிப்புப் பக்கத்தை 8 கிலோபைட்டில் எழுதிக் கொண்டுவந்தாள்.

அடுத்த கூட்டத்துக்கான பட்டியலில் அந்தத் தாயின் பெயருக்கு நேரே "வருவேன்" என்றிருந்தது. இம்முறை நினைவூட்டும் முறையையும் மாற்றிக்கொண்டோம். எந்தப் பொத்தானை அழுத்தியிருந்தாலும் எல்லாப் பெற்றோரையும் தொலைபேசியில் அழைத்தோம்.